ஏர்கோன் படிப்பா, வரலாறா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கையின் கடிதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து கையால் எழுதிய ஐந்து பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 18. பெயரும் தோட்டமும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டேன். அப்பா தோட்டத்து மில்லில் பாய்லர்மேன், வயது 58. அம்மா ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். தம்பி இரண்டாம் படிவம். 84 வயதுப் பாட்டியும் அதே வீட்டில்தான். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் வரலாறு ஏ பிளஸ், மலாய்க்கும் தமிழுக்கும் ஏ, கணிதமும் அறிவியலும் சி.

கையில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகத்தில், அதாவது ஐ.எல்.பி.யில், குளிர்பதனமும் ஏர்கோனும் சேர்ந்த பாடப்பிரிவு. எஸ்.கே.எம். என்ற திறன் சான்றிதழின் மூன்றாம் நிலை வரை இரண்டு ஆண்டு, ஹாஸ்டலும் உண்டு, மூன்று வாரத்தில் போய்ப் பதிய வேண்டும். இன்னொன்று ஆறாம் படிவம்: வரலாறு எடுத்து, பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதி, பிறகு பல்கலைக்கழகத்தில் வரலாறு. அப்பா முதலாவதைச் சொல்கிறார், பள்ளி ஆசிரியை இரண்டாவதை. அம்மாவுக்குப் பெண் பிள்ளை ஏணி ஏறுவதில் இஷ்டமில்லை. இதற்கு நடுவில் ஒரு தனியார் கல்லூரி ஏஜெண்ட், "இரண்டையும் விடு, எங்களிடம் டிப்ளோமா சேர், 500 வெள்ளி (ரிங்கிட்) கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்" என்று தினமும் போன் போடுகிறார். "அக்கா, எதை எடுத்தாலும் இன்னொன்று நிரந்தரமாகப் போய்விடும் என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை" என்று கடிதம் முடிகிறது.

அன்புத் தங்கச்சிக்கு,

என்னை அக்கா என்று அழைத்திருக்கிறாய், அதனால் நானும் உரிமையோடு 'நீ' என்றே பேசுகிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். என் தம்பி பதினைந்து வருடமாக ஏர்கோன் தொழிலில் இருக்கிறான், அதனால் இந்தத் தொழில் எனக்கு ஓரளவு பழக்கம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கே அதிகமாக எழுதியிருக்கிறாய், எங்கே அவசரமாகத் தாண்டிப் போயிருக்கிறாய் என்று பார்த்தேன். கல்யாண மண்டபத்து ஏர்கோனை மாமாவோடு சேர்ந்து கழுவியதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். மூடியைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற குழாய்ச் சுருளில் பஞ்சு மெத்தை மாதிரி தூசி அப்பியிருந்தது, பம்பு வைத்துத் தண்ணீர் அடித்ததும் அடியில் கட்டிய பையில் கறுப்பாக வழிந்தது, மறுநாள் மணமேடை நாற்காலியில் சொட்டு விழவில்லை. பாட்டியைப் பற்றி இரண்டு பக்கம். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பதைப் பற்றியோ இரண்டே வரி: "டிகிரி இருந்தால் மரியாதை, டீச்சர் ஆகலாம்." நீ வரலாற்றை விரும்பவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நீ விரும்பும் வரலாறு பாட்டியிடம் இருக்கிறது, கல்லூரி வரலாறு எப்படி இருக்கும் என்று உனக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

ஐ.எல்.பி. பற்றி நீ எழுதியதில் சரியும் தப்பும்

"எஸ்.பி.எம். சரியாக எடுக்காதவர்கள்தான் ஐ.எல்.பி. போவார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள்" என்கிறாய். தோழிகள் சொல்வது பழைய கதை. ஐ.எல்.பி. மனிதவள அமைச்சின் கீழ் வருவது. அங்கே கிடைக்கும் எஸ்.கே.எம். சான்றிதழைத் திறன் மேம்பாட்டு இலாகாவான ஜே.பி.கே. தருகிறது. மூன்றாம் நிலைக்கு மேல் டி.கே.எம். என்று நான்காம் நிலை டிப்ளோமா, அதற்கும் மேல் டி.எல்.கே.எம். என்று ஐந்தாம் நிலை. அங்கிருந்து நான்கு அரசாங்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கு, மலாக்காவில் யூ.டி.இ.எம்., ஜொகூரில் யூ.டி.எச்.எம். போன்றவற்றுக்கு, டிகிரி படிக்கப் போகலாம். ஆக மேலே ஏற வழி இருக்கிறது.

ஆனால் அந்த வழி தொழில்நுட்ப டிகிரிக்குத்தான் போகும். "எஸ்.கே.எம். முடித்துவிட்டு நேராக மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சேர்ந்துகொள்ளலாம்தானே?" என்று கேட்டிருக்கிறாய். முடியாது, தங்கச்சி. அதற்கு எஸ்.டி.பி.எம். மாதிரி ஒரு தகுதி வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே தனியார் பரீட்சார்த்தியாக எஸ்.டி.பி.எம். எழுதலாம், நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பகலெல்லாம் ஏணியில் நின்றுவிட்டு ராத்திரி எஸ்.டி.பி.எம். பொதுப்பாடமான பெங்காஜியான் அம் புத்தகத்தைத் திறக்கிறவர்களில் பாதியில் விட்டவர்களையும் எனக்குத் தெரியும், முடித்தவர்களையும் தெரியும். அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவம் சேர்வதற்கு வயது ஒரு கணக்கு, இரண்டு வருடம் கழித்துப் போய் இடம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஐ.எல்.பி. எடுத்தால் நீ விடுவது அந்தச் சுலபமான வழியைத்தான். அது சின்ன இழப்பு இல்லை, தெரிந்துகொண்டே முடிவெடு.

இன்னொன்று. ஏர்கோன் சான்றிதழை வைத்து அப்பாவின் பாய்லர் வேலைக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறாய். பாய்லரைப் பார்த்துக்கொள்ள வேலையிடப் பாதுகாப்பு இலாகாவான ஜே.கே.கே.பி. நடத்தும் தேர்வில் தேறித் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது தனி வழி. ஆனாலும் அப்பாவின் தொழிலுக்கும் நீ படிக்கப் போவதற்கும் உள்ளே ஒரு சம்பந்தம் இருக்கிறது. மில்லில் செம்பனை நார்களையும் கொட்டை ஓடுகளையும் எரித்துத் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள், அந்த ஆவி குலைகளை வேகவைக்கிறது. திரவம் ஆவியாகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும், ஆவி திரும்பத் திரவமாகும்போது அந்தச் சூட்டை விட்டுவிடும். ஏர்கோனிலும் இதே வேலைதான் நடக்கிறது. அது குளிரை உண்டாக்குவதில்லை, அறைக்குள் இருக்கிற சூட்டை வாங்கிக் கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. இன்று ராத்திரி அப்பாவிடம் இதைக் கேட்டுப் பார். ஆவியைப் பற்றி உனக்கு முதல் பாடம் எடுக்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

மாமா கேஸ் நிரப்பிய ஏர்கோன் ஏன் ஆறு மாதத்தில் திரும்பவும் குளிராமல் போகிறது என்றும் கேட்டிருந்தாய். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே மேலே நிரப்பினால் காசுதான் போகும். பழைய கேஸை மாமா அப்படியே காற்றில் திறந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். ஊரில் அது பழக்கமாக இருக்கலாம், ஆனால் சட்டப்படி தப்பு. ஓசோன் படலத்துக்காக 1987-இல் மாண்ட்ரியலில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஓசோனைக் கெடுக்கும் பழைய ஏர்கோன் கேஸான ஆர் 22 இன்று மறைந்துகொண்டு வருவது அதனால்தான். அதற்குப் பிறகு வந்த ஆர் 410ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு. இப்போது வரும் ஆர் 32 அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் லேசாகத் தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டே வேலை செய்கிற காலம் முடிந்துவிட்டது. கேஸைக் கையாளுகிற டெக்னீஷியன்களுக்கென்று சுற்றுச்சூழல் இலாகாவின் சான்றிதழ் திட்டமும் இருக்கிறது. முறையாகப் படித்தவர்களுக்கும் பார்த்துப் பழகியவர்களுக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரிய வரும். சனி ஞாயிறுகளில் மாமாவோடு போவது வேறு, செம்புக் குழாயை வெள்ளி ராடு வைத்து ஒட்டவும் வேக்குவம் பம்பு போட்டு ஈரத்தை இழுக்கவும் பயிற்சி வாங்குவது வேறு.

அம்மாவின் பயம்

ஏணி ஏறுவது பற்றி அம்மா சொல்வதைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்காதே. வெளியே தொங்கும் கம்ப்ரசரைப் பார்க்கப் போய் மாடியிலிருந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட்டும் பாதுகாப்பான ஏணியும் தருவது முதலாளியின் கடமை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. தராத இடத்தில் ஏறமாட்டேன் என்று சொல்ல இப்போதே பழகிக்கொள். ஆண்கள் மட்டுமே இருக்கும் வேலையிடத்தில் யாராவது தப்பாக நடந்தால் 2022-இல் வந்த பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, வக்கீல் இல்லாமலே போய்ப் புகார் சொல்ல ஒரு நடுவர் மன்றமும் 2024 முதல் நடக்கிறது. அப்புறம், அம்மாவிடம் இதையும் சொல்: வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கிற நேரத்தில் படுக்கையறை ஏர்கோனைப் பார்க்க ஒரு பெண் வந்தால் எத்தனை வீட்டில் நிம்மதி!

மாமாவிடமே வேலைக்குச் சேர்ந்தாலும் சம்பளச் சீட்டு, சேமநிதியான இ.பி.எஃப்., தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ மூன்றையும் கேட்டு வாங்கு. இந்தத் தொழிலில் வேலைக்கு இவ்வளவு என்று கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், முதுகு பிடித்துக்கொள்ளும் வயதில் பார்த்தால் சேமநிதியில் ஒன்றும் இருப்பதில்லை. தனியாகத் தொழில் செய்தால் சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோவில் நீயே பதிந்துகொள்.

வரலாறு படித்தால் வாத்தியார்தானா?

இங்கே இரண்டு தப்பு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. வரலாற்று டிகிரி மட்டும் வைத்துக்கொண்டு அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராகிவிட முடியாது, ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டும். ஆசிரியை ஆவதுதான் ஆசை என்றால் தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக் கல்வி டிகிரியைக் குறிவைக்க வேண்டும். ஆசிரியை ஆவதுதான் ஆசையா என்பதை உன் கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. அதே நேரம், வரலாறு படித்தவருக்கு வேறு வேலையே இல்லை என்று ஏஜெண்ட் சொன்னதும் உண்மையில்லை. அருங்காட்சியகம், தேசிய ஆவணக் காப்பகம், பத்திரிகை, அரசாங்க நிர்வாகம் என்று போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏர்கோன் மாதிரி படிப்பு முடிந்த கையோடு வேலை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பள்ளிப் புத்தகத்தில் ஏ பிளஸ் எடுப்பதும் வரலாறு படிப்பதும் ஒன்றில்லை. உன் ஊரையே எடுத்துக்கொள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இதை நீ மனப்பாடமாகச் சொல்வாய். அன்று அந்தத் தோட்டங்களில் பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடுவதற்கு, நின்ற தமிழர்கள் என்ன பார்த்தார்கள், மறுநாள் ரப்பர் பால் வெட்டப் போனார்களா, ஊரடங்கில் அரிசி எப்படி வீட்டுக்கு வந்தது? இதையெல்லாம் நாலைந்து ஆவணங்களை எதிரெதிரே வைத்து, எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்று வாதாடுவதுதான் கல்லூரி வரலாறு. அது உனக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆசிரியையிடம் பழைய எஸ்.டி.பி.எம். வரலாற்றுத் தாள் ஒன்று வாங்கி, ஒரு கட்டுரைக் கேள்வியை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து எழுதிப் பார். இன்னொரு நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஐ.எல்.பி.க்குப் போய்ப் பட்டறையைச் சுற்றிக் காட்டச் சொல். மூன்று வாரம் இதற்குப் போதும்.

ஏஜெண்ட் கேட்கும் 500 வெள்ளி

கட்டாதே. ஒரு கல்லூரி தரும் டிப்ளோமாவுக்கு மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைப் போட்டே பார்க்கலாம். கல்லூரிக்குப் பதிவு இருப்பது போதாது, அந்தப் படிப்புக்கு இருக்க வேண்டும். எஸ்.கே.எம். தருவதாகச் சொன்னால் ஜே.பி.கே.யிடம் அந்தப் பாடத்துக்கும் அந்த நிலைக்கும் அங்கீகாரம் வாங்கியிருக்கிறார்களா என்று கேள். "காசே வேண்டாம், பி.டி.பி.டி.என். பார்த்துக்கொள்ளும்" என்று ஏஜெண்ட் சொல்வது அரசாங்கக் கல்விக் கடன். அது உன் பெயரில் எழுதப்படும், நீதான் திருப்பிக் கட்ட வேண்டும். ஐ.எல்.பி.யில் பயிற்சிச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது, ஆறாம் படிவத்திலும் பெரிய செலவில்லை. இந்த இரண்டும் கையில் இருக்கும்போது கடன் வாங்கி மூன்றாவதற்குப் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

என் அபிப்பிராயம்

அப்பாவுக்கு 60 ஆக இன்னும் இரண்டு வருடம். ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஐ.எல்.பி. முடிவதும் அதுவும் ஒரே நேரத்தில் வருகிறது. ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு, டிகிரி இன்னும் மூன்று, நான்கு ஆண்டு. அதற்குள் தம்பி எஸ்.பி.எம். முடித்திருப்பான், நீங்கள் வாடகை வீட்டில் இருப்பீர்கள். இது முழுக்க உன் தலையில் விழ வேண்டிய பாரம் இல்லை. அப்பாவின் இ.பி.எஃப். எவ்வளவு, எங்கே குடிபோவது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். அப்பா பிள்ளைகளிடம் இதைப் பேசக் கூச்சப்படுவார், நீ ஆரம்பித்துவை.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் நான் ஐ.எல்.பி. பக்கம்தான் சாய்கிறேன். வீட்டுக் கஷ்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கேஸ் ஏன் குறைகிறது என்று கேட்ட உன் கேள்வி. அந்தக் கேள்வி தானாக வருகிறவர்கள் இந்தத் தொழிலில் நன்றாக வருவார்கள், சுவரில் மாட்டும் ஒரு குதிரைத்திறன் பெட்டியோடு நிற்காமல் மருத்துவமனைக்கே குளிரூட்டும் சில்லர், மீன் குளிர்க்கிடங்கு என்று போவார்கள். ஆனால் அந்த எஸ்.டி.பி.எம். கட்டுரையை எழுத உட்கார்ந்து, நேரம் போனதே தெரியாமல் ராத்திரி பன்னிரண்டு மணி ஆகி, இன்னும் எழுத வேண்டும் என்று தோன்றினால், என் பேச்சை ஒதுக்கிவிட்டு ஆறாம் படிவத்தில் சேர். அப்படி நடந்தால் அப்பாவிடம் பேச என்னைக் கூப்பிடு, நானே பேசுகிறேன்.

பாட்டி

நீ கேட்காத ஒன்று இது. ஐ.எல்.பி.க்கும் ஆறாம் படிவத்துக்கும் தேதி இருக்கிற மாதிரி பாட்டிக்கும் ஒரு தேதி இருக்கிறது. அது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவை ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போட சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையை 1942-லிருந்து 1943-க்குள் போட்டு முடித்தார்கள், அதில் செத்த தமிழர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. உன் பாட்டிக்கு ஒரு பெயர் தெரியும். அதை எழுதி வைக்க உனக்கு எந்தக் கல்லூரியின் அனுமதியும் வேண்டாம், எந்தப் படிப்பை எடுத்தாலும் இது நிற்கவும் வேண்டாம்.

போனில் பதிவு பண்ணு. முதலில் பாட்டியிடம் எதற்காக என்று சொல்லி, சம்மதம் கேள். "இதை வெளியே சொல்லாதே" என்று அவர் சொல்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு மதித்து நட. வருடம் கேட்காதே, வயதானவர்கள் வருடத்தில் குழம்புவார்கள். இடத்தையும் பொருளையும் கேள்: எந்த லயத்தில் எத்தனையாவது வீடு, பக்கத்து வீட்டில் யார், பிரட்டுக்குக் கிளம்பும்போது இருட்டில் எதைக் கொளுத்திக்கொண்டு போனார்கள், பால் பிடிக்கும் மங்கு எங்கே வைத்திருந்தார்கள். 1948-இல் அவருக்கு ஏழு வயது இருக்கும், தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தால் அது ஞாபகம் இருக்கும். சயாமைப் பற்றி அவர் அம்மா சொன்னது என்ன, யார் வந்து செய்தி சொன்னார்கள், செய்தி வரவே இல்லையா, எத்தனை வருடம் கழித்துத் தாலியைக் கழற்றினார் என்பதை அவசரப்படாமல், அவர் அழுதால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் கேள். பழைய அடையாள அட்டை, சாவுப் பத்திரம், சம்பளச் சீட்டு எது இருந்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வை. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் களைத்துவிடுவார்.

சாயங்காலம் அப்பா மில்லிலிருந்து வருவதற்கு முன்னால், வீடு அமைதியாக இருக்கிற நேரத்தில் ஆரம்பி. மின்விசிறிச் சத்தம் பதிவில் விழும், அதை நிறுத்திவிடு. முடிந்ததும் அன்றைக்கே தம்பி போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வை.